கை ஊன்றாமல் எழுந்திருக்க ஒரு கட்டில்

ஏல மக்கா, நல்லா இருக்கியா? மருமகள் தீபா நல்லா இருக்காளா? போன வாரம் போனில் அவள் இருமுகிற சத்தம் கேட்டது. கழக்கூட்டத்தில் எந்நேரமும் லாரியும் தூசியும்தானே. சுக்கையும் மிளகையும் தட்டிப்போட்டு வெந்நீர் குடிக்கச் சொல்லு. நான் சுகமாக இருக்கிறேன். கடிதம் எழுதினால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று மூன்றாம் வகுப்பில் சொல்லித் தந்தார்கள். அதற்கு மேல் அவர்களும் சொல்லித் தரவில்லை, நானும் போகவில்லை. அதனால் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். பலகை மேல் பென்சிலால் அளவு எழுதியே பழகிய கை இது. அடி, அங்குலம் என்றால் நிற்காமல் ஓடும். மற்றதெல்லாம் நின்று நின்றுதான் வரும்.

இதைப் போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நீ "சாப்பிட்டீங்களா" என்பாய், நான் "சாப்பிட்டேன்" என்பேன். "மாத்திரை?" "போட்டாச்சு." "அங்க மழை உண்டா?" "உண்டு." கழக்கூட்டத்துக்கும் இந்தக் கரமனைக்கும் நடுவே ஒரு மணி நேர பஸ். ஒரே மழைதான் ரெண்டு பேர் தலையிலும் பெய்கிறது. ஆனாலும் தினமும் மழையை விசாரித்துவிட்டுத்தான் போனை வைக்கிறோம். நேரில் வந்தாலோ இன்னும் மோசம். மீன் என்ன விலை, தம்பானூரில் எத்தனை நேரம் பஸ்ஸுக்கு நின்றாய் என்று நான் பேசிக்கொண்டே இருப்பேன், நீ மணியைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவாய். இன்றைக்கு வியாழன். இதை இன்று பெட்டியில் போட்டால் சனிக்கிழமை உன் கையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நீ கட்டிலைப் பார்க்க வருகிறாய். வருவதற்கு முன்னால் நீ இதைப் படித்துவிட வேண்டும்.

கட்டில் முடிந்துவிட்டது மக்கா. நீ வைத்த பந்தயத்தில் நான் ஜெயித்துவிட்டேன். அதுதான் இப்போது என்னுடைய கவலை.

அன்றைக்கு நீ கழற்றிய ஷூவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வாசலில் நின்றது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "அப்பா, தரையில படுத்தா ஒத்தைக்கு உங்களால எந்திரிக்க முடியல. வீட்டைக் காலி பண்ணிட்டு எங்ககூட வாங்க" என்றாய். நான், "தரையில படுத்தாத்தானே? கட்டில் போட்டுக்கிடுதேன்" என்றேன். "வாங்கித் தாரேன்" என்றாய். "வாங்க வேண்டாம், நானே அடிக்கேன்" என்றேன். அப்போதுதான் உனக்குக் கோபம் வந்தது. "சரி, அடிங்க. அதுல படுத்துக்கிட்டு, சுவரப் பிடிக்காம, கைய ஊன்றாம எந்திரிச்சுக் காமிங்க பாப்போம். எந்திரிச்சிட்டீங்கன்னா, சத்தியமா, இனி ஒரு தடவகூட உங்கள வான்னு கூப்பிட மாட்டேன்." நானும் சளைக்காமல், "கூப்பிடாத" என்றேன். தீபா உன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அச்சனோட இப்படியா பேசுறது?" என்று உன்னைத்தான் திட்டினாள், அவளுக்கு அப்பா என்றால் அச்சன்தானே. என்னையும் ரெண்டு திட்டியிருக்கலாம்.

முதலில் ஒரு பொய்யைச் சரிசெய்துவிடுகிறேன். ஆடி மாசத்துக் கர்க்கடக மழையில் முழங்கால் முட்டு பிடித்துக்கொண்டு நான் பாயிலிருந்து எழ முடியாமல் கிடந்தேனே, பத்து நிமிஷம் என்று உன்னிடம் சொன்னேன். பக்கத்து வீட்டு ரமணி சேச்சியையும் அப்படியே சொல்லச் சொன்னேன். பத்து நிமிஷம் இல்லை. பால்காரன் சைக்கிள் போகிற நேரத்தில் கண் முழித்தேன். சேச்சி தண்ணீர் வந்த சேதி சொல்ல வந்து கதவைத் தட்டும்போது பதினொரு மணி இருக்கும். அதுவரைக்கும் தரையில்தான். கத்தியிருந்தால் சேச்சி வந்திருப்பாள். எங்கள் ரெண்டு வீட்டுக்கும் நடுவே ஒத்தைச் செங்கல் சுவர்தான், அவள் தேங்காய் துருவுகிற சத்தம்கூட இங்கே கேட்கும். கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன். மிக்ஸி ஓடியது, டிவியில் செய்தி ஓடியது, யாரோ வந்தார்கள், சிரித்தார்கள். கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிட்டால் என்னவென்று கூப்பிடுவது? என்னைத் தூக்கி விடுங்கள் என்றா?

மேலே பார்த்துக்கொண்டு கிடந்தேன். இந்த வரிசை வீடுகளுக்குத் தளம் வார்த்தபோது பலகை அடித்தது நான்தான், உனக்குத் தெரியும். சிமெண்டில் என் பலகையின் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. ஒரு பலகையில் ரெண்டு கணு இருந்திருக்கிறது, கண் மாதிரி. இத்தனை வருஷம் இந்த வீட்டில் இருந்தும் அதை நான் பார்த்ததே இல்லை. வேலைக்குப் போகிறவன் மேலே பார்த்துக்கொண்டு எங்கே படுத்துக் கிடந்தான்? அன்றைக்குத்தான் பலகைகளை எண்ணினேன். நாற்பத்தொன்று. எண்ணி முடித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன்.

உன் ஆபீஸில் யாராவது அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் நீ என்ன சொல்வாயோ தெரியாது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. நான் சொல்வது இப்படி: கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் அடியில் முட்டுக் கொடுத்து மேலே பலகை அடிப்போம், தளம் இறுகினதும் எல்லாவற்றையும் பிரித்து எடுத்துக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவோம். மரத்தைத்தான் தொடுகிறோம், ஆனால் ஆசாரி இல்லை. ஆசாரி ஒரு கதவைச் செய்தால் அது அங்கேயே நிற்கும். பேரன் காலத்திலும் காட்டுவான், இது நான் செய்ததென்று. நாங்கள் அடித்தது ஒன்றும் நிற்கக் கூடாது. நின்றால் எஞ்சினியர் திட்டுவான். அதனால் எங்களுக்கு ஆணி அடிப்பதிலேயே ஒரு முறை உண்டு. முழுக்க இறக்க மாட்டோம். தலையை ஒரு விரல் கனம் வெளியே விட்டுவிடுவோம். பிரிக்கிற நாளில் சுத்தியலின் பிளவைக் கொடுத்து ஒரு இழுப்பு இழுத்தால் வந்துவிட வேண்டும். புதிதாக வந்தவன் எவனாவது ஆணியை முழுக்க இறக்கிவிட்டால், "என்னடே, இங்கயே குடியிருக்கப் போறியா?" என்று கேலி பண்ணுவோம்.

கட்டில் செய்யத் தெரியாமல் இல்லை, மனசு வைக்கவில்லை. உன் அம்மாவுக்கு ஆபரேஷன் ஆன வருஷம், குனிந்து எழக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, அவள் கேட்டாள், "ஒரு கட்டில் அடிச்சுத் தாங்களேன்." ஊர் முழுக்கப் பலகை அடிக்கிறவனிடம் அவள் கேட்டது அது ஒன்றுதான். "இந்த சைட் முடியட்டும்" என்றேன். அந்த சைட் முடிந்தது, அடுத்தது வந்தது. கடைசியில் சிமெண்ட் ஒட்டிய ஒரு பழைய பலகையைக் கொண்டுவந்து நாலு ஹாலோ பிரிக்ஸ் மேல் போட்டுக் கொடுத்தேன். தற்காலிகம் என்றுதான் சொன்னேன். நீ அப்போது எட்டாவதோ ஒன்பதாவதோ. அவள் போகிற வரைக்கும் அதில்தான் படுத்தாள். சண்டை போடவில்லை. காலையில் எழுந்ததும் அந்தப் பலகையைத் தட்டி, "என்ன மேஸ்திரி, தளம் காஞ்சிட்டா? பிரிச்சிரலாமா?" என்பாள். நானும் சிரிப்பேன். அவள் தமாஷ் பண்ணுகிறாள் என்றே நினைத்திருந்தேன். தமாஷ்தான், ஆனால் பதினோரு வருஷம் ஒருத்தி ஒரே தமாஷைச் சொல்வாளா? உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. இந்த ஒன்றை மட்டும் கேட்டுக்கொள். தீபா ஏதாவது ஒரு தடவை கேட்டுவிட்டு, அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டு, சிரித்துப் பேசினாள் என்றால் அன்றைக்கே போய் அதைச் செய்துவிடு.

எங்கே விட்டேன்? மரம். மில்லில் போய் ஆஞ்சிலி கேட்டேன், நம் ஊரில் அயனி என்போமே, அது. தேக்கு கேட்கத் தைரியம் இல்லை. மில்காரன் என்னைப் பார்த்துவிட்டு, "எந்து பணியாணு அண்ணாச்சி? வார்ப்போ?" என்று கேட்டான், கான்கிரீட் வேலைக்கா என்று. "கட்டிலு" என்றேன். "யாருக்கு?" "எனக்கு." அவன் உள்ளே போய், வெடிப்பு இல்லாத கட்டையாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தான். நாலு கால், மூன்றுக்கு மூன்று அங்குலம். பக்கச் சட்டம் ரெண்டு, ஆறேகால் அடி நீளம். தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் ஒவ்வொன்று. குறுக்கே போட பன்னிரண்டு பட்டை. ஆட்டோவில் சட்டம் வெளியே நீட்டிக்கொண்டு வந்தது, பழவங்காடி பிள்ளையார் கோயிலருகே திரும்பும்போது தேங்காய் உடைக்க வந்த ஒரு ஆள் மண்டையில் படப் பார்த்தது. அவன் மலையாளத்தில் திட்டினான், நான் தமிழில் மன்னிப்புக் கேட்டேன், பிள்ளையார் பார்த்துக்கொண்டிருந்தார்.

உயரம்தான் முக்கியம். கடைக்கட்டிலை யாரோ ஒரு ஆளின் முட்டுக்கு அளந்து செய்கிறான், என் முட்டு அவனுக்குத் தெரியாது. வாசல்படியில் உட்கார்ந்து எழுந்து பார்த்தேன், முடியவில்லை. படி மேல் பலகைத் துண்டு ஒன்று வைத்து உட்கார்ந்தேன். முடியவில்லை. இன்னொன்று. இன்னொன்று. துண்டு துண்டாக ஏற்றிக்கொண்டே போனேன். ரமணி சேச்சி துணி காயப் போட்டபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். "அண்ணாச்சிக்கு என்ன ஆச்சு? முட்டையிடப் போற கோழி மாதிரி இருந்து இருந்து எழும்புறீங்க" என்றாள். பதினெட்டு அங்குலத்தில் எழுந்துவிட்டேன், கை ரெண்டும் காற்றில். பதினேழில் வராது, பதினெட்டில் வரும். ஒரு அங்குலத்தில் இருக்கிறது என் ஆயுசு. மெத்தை நாலு அங்குலம் என்பதால் மரத்தைப் பதினான்கில் நிறுத்த வேண்டும். இதை மறந்தால் கால் தரையில் படாமல் சின்னப்பிள்ளை மாதிரி தொங்கும்.

வாசலிலேயே வைத்து அறுத்தேன், இழைத்தேன். முன்பு ஒரு நாளில் முடிக்கிற வேலை, இப்போது பன்னிரண்டு நாள் ஆனது. சட்டத்தைக் காலில் கோர்க்க உளியால் பள்ளம் எடுத்தேன், ஆசாரி பார்த்தால் சிரிப்பான், ஆனால் ஆடவில்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், குமிழி நடுவில் நின்றது. அப்புறம் ஆணி. அன்றைக்கு நாள் பூரா அடித்தேன், மனசு எங்கேயோ இருந்தது. சேச்சி சாயா கொண்டுவந்து சட்டத்தின் மேல் வைக்கப் போனாள், நைட்டி மாட்டிக்கொண்டது. குனிந்து பார்த்துவிட்டு, "அய்யோ, இது ஆளு உறங்கானோ, மீனு உணக்கானோ?" என்றாள், ஆள் படுக்கவா மீன் காயவைக்கவா என்று. அப்போதுதான் நானும் பார்த்தேன். அத்தனை ஆணியும் தலை வெளியே. பட்டையில் இருக்கிறது, சட்டத்தில் இருக்கிறது, காலில் இருக்கிறது, ஒன்று தப்பாமல் ஒரு விரல் கனம். நான் அடிக்கவில்லை மக்கா, கை தானாகவே அடித்துவிட்டது. நானும் சேச்சியும் சிரித்தோம். ரொம்ப நாளைக்கு அப்புறம் அந்த அளவுக்குச் சிரித்தேன்.

பட்டையில் இருந்ததை எல்லாம் இறக்கிவிட்டேன், இல்லையென்றால் மெத்தை கிழியும். காலிலும் சட்டத்திலும் இருப்பதை அடிக்கச் சுத்தியலை எடுத்தேன். எடுத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, கீழே வைத்துவிட்டேன். "அதையும் அடிங்க அண்ணாச்சி, பட்டால் சோரை வரும்" என்றாள் சேச்சி, ரத்தம் வரும் என்று. பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றிவிடலாம் என்றேன். "அதெந்தினு?" என்றாள், அது எதற்கு என்று. "டெம்போல ஏத்தணும்னா கழத்த லேசா இருக்கும்லா." அவள் சாயா கிளாஸை எடுத்துக்கொண்டே கேட்டாள், "எங்கோட்டு ஏற்றுறது?" நான் வேட்டியைக் கிழிக்கத் தொடங்கினேன். அவளும் அப்புறம் கேட்கவில்லை. அவள் பிள்ளை துபாயில், உனக்குத் தெரியுமே.

மெத்தை போட்டேன். படுத்தேன். எழுந்தேன். கை ஊன்றவில்லை, சுவரைப் பிடிக்கவில்லை. பத்துத் தடவை பார்த்தேன், பத்தும் எழுந்தேன். சேச்சி கை தட்டினாள். உனக்குப் போன் பண்ணப் போனேன். "அப்பா ஜெயிச்சிட்டேன்ல" என்று சொல்ல வேண்டும். நம்பரை அமுக்கிவிட்டு, உடனே அணைத்துவிட்டேன். அன்றைக்கு உனக்கு ஒரு மிஸ்டு கால் வந்திருக்கும், நீ திரும்பக் கூப்பிட்டபோது கை பட்டுவிட்டது என்றேன். அதுவும் பொய்.

கட்டிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாய் என்றால் காலையில் சுருட்டி மூலையில் சாத்திவிடுவேன். சுருட்டிவிட்டால் அது வெறும் அறை. உட்காரலாம், சாப்பிடலாம், யார் வந்தாலும் இது ஒரு வீடு. கட்டிலைச் சுருட்ட முடியவில்லை. பகல் முழுக்க நிற்கிறது. அறையில் பாதி அதுதான். குளித்துவிட்டு வந்தால் நிற்கிறது, அடுப்படியிலிருந்து திரும்பினால் நிற்கிறது. மூன்றடி மெத்தை போதும் என்று கடைக்காரன் சொன்னான், நான் நாலடி வாங்கினேன், யாராவது வந்தால் உட்கார வேண்டாமா என்று. நான் சுவரோரம் படுக்கிறேன். மற்றப் பக்கம் காலியாக இருந்தது. டார்ச்சை வைத்தேன். பேப்பரை வைத்தேன். மடித்த சட்டையை வைத்தேன். நேற்று மத்தியானம் சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பக்கத்தில் ஒரு டார்ச், ஒரு பேப்பர், ஒரு சட்டை. அவற்றை எல்லாம் எடுத்துக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். வைத்திருந்ததே பரவாயில்லை என்று தோன்றியது.

உன் கல்யாணத்துக்கு அப்புறம் உன் வீட்டில் மூன்று நாள் இருந்தேனே, எட்டாவது மாடியில். நீங்கள் ரெண்டு பேரும் காலையில் போனால் ராத்திரிதான். கீழே இறங்கிப் போய்த் திரும்பினால் வாட்ச்மேன், "யாரெ காணானா?" என்று கேட்டான், யாரைப் பார்க்க என்று. மகன் வீடு என்றேன். நம்பர் கேட்டான். நம்பர் தெரியவில்லை. வெயிலில் நின்றபடி தீபாவைப் போனில் கூப்பிட்டேன். தீபா ஆபீஸிலிருந்து அவனுக்குப் போன் பண்ணிய பிறகுதான் அவன் கதவைத் திறந்து, "ஸாரி அச்சா" என்றான். அதை உன்னிடம் நான் சொல்லவில்லை, தீபாவையும் சொல்ல விடவில்லை. அதற்குப் பதிலாகத்தான், நீ ஷூவைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்றைக்கு, "உன் வீட்டுல எனக்கென்ன வேலை, காவலுக்கா?" என்று கேட்டேன். உன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் வாயை மூடவில்லை. "நான் யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்" என்று வேறு சொன்னேன். நீ என்னைப் பாரம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அது நானே கண்டுபிடித்த வார்த்தை. நீ வைத்த பந்தயத்துக்கு அந்த வார்த்தைதான் காரணம்.

அந்த வாட்ச்மேன் சங்கதியை இப்போது யோசித்துப் பார்த்தேன். உன் வீட்டு நம்பரை ஒரு துண்டுப் பேப்பரில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தால் முடிந்தது. இத்தனை நாள் அது எனக்குத் தோன்றவே இல்லை, தோன்றாத மாதிரி வைத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன். பகலில் அங்கேயும் ஒத்தைக்குத்தான் இருக்க வேண்டும், அது எனக்குத் தெரியும். ஆனால் அங்கே எட்டு மணிக்குக் கதவு திறக்கும். நீ ஷூவைக் கழற்றுவாய். தீபா, "அச்சன் கழிச்சோ?" என்று கேட்பாள், சாப்பிட்டாச்சா என்று. இங்கே சாயந்திரம் ஆனால் நான்தான் கதவைச் சாத்துகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வருவாய். எழுந்து காட்டச் சொல்வாய். நான் எழுந்து காட்டிவிடுவேன் மக்கா, எழாத மாதிரி நடிக்க எனக்கு வராது, முட்டும் இப்போது பரவாயில்லை. நீ சத்தியம் பண்ணியவன். சின்ன வயசிலிருந்தே சொன்னால் சொன்னதுதான், உன் அம்மா மாதிரி. "சரிப்பா, ஜெயிச்சிட்டீங்க" என்று சொல்லி, சாயாவைக் குடித்துவிட்டு, தம்பானூர் பஸ்ஸைப் பிடித்துவிடுவாய். மழை உண்டா என்று மறுநாள் போனில் கேட்பாய். உண்டு என்பேன். அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன். அந்தச் சத்தியத்தை நான் திருப்பித் தந்துவிட்டேன் என்று வைத்துக்கொள். தீபா முன்னால் வேண்டாம், அவள் சேச்சியோடு பேசிக்கொண்டிருக்கும்போது, கட்டிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இன்னும் ஒரு தடவை என்னைக் கூப்பிடு. ஒரே ஒரு தடவை. நீ கூப்பிட்டால் நான் இந்த முறை

இரு, சேச்சி கூப்பிடுகிறாள், "அண்ணாச்சி, வெள்ளம் வந்நு, குடம் எடுத்தோ" என்று கத்துகிறாள், குழாயில் தண்ணீர் அரை மணி நேரம்தான் நிற்கும், பிடித்து வைத்துவிட்டு வந்து மீதியை